யாரால் என்று சொல்லாத வாக்கியம்

பிள்ளைகளே, செயப்பாட்டு வினை உங்களுக்குப் பரீட்சையில் வரும். எனக்கு அது வீட்டுக்கே வந்தது.

சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு குப்பத்தில் இருந்தோம். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வேலன் மரத்தை வெட்டினான், மரம் வேலனால் வெட்டப்பட்டது என்று தமிழ் வாத்தியார் பலகையில் எழுதினார். மரம் முன்னால் வந்து எழுவாய் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வெட்டியவன் ‘ஆல்’ போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்பான். வேண்டாமென்றால் அவனைக் கழற்றியே விடலாம், வாக்கியம் தப்பாகாது என்றார். இங்கிலீஷிலும் அப்படித்தானாம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய படகுக்காரர் ஒருவரின் இன்ஜின் விசிறி எங்கள் அப்பாவின் வலையைக் கிழித்துக்கொண்டு போனது. கேட்கப் போனால், “வலை அறுந்துபூட்சி, அதுக்கு நான் இன்னா பண்றது?” என்றார் அவர்.

“அறுந்துபோவல. நீ அறுத்த” என்றார் அப்பா. அதோடு நேரே போலீசுக்குப் போய்விட்டார்.

எங்கள் குப்பத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. எந்தச் சண்டையானாலும் முதலில் ஊரில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு ஆம்பளை கோயில் முன்னால் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். ஊரைத் தாண்டிப் போனது குற்றம். அன்று சாயங்காலம் எங்கள் அப்பாவைத் தவிர எல்லாரும் உட்கார்ந்தார்கள். மறுநாள் ஒரு ஆள் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார்: இந்தக் குடும்பம் ஊரை விட்டு ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது, பேசக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, தொழிலுக்குக் கைகொடுக்கக் கூடாது.

வாத்தியார் சொன்னது சரிதான். வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை.

அதில் விட்டுப்போன பெயரைத் தேடிக்கொண்டு நான் அலைந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், “முடிவாயிட்சிடா, போ” என்றார். அந்தப் பேச்சில் முடிவு செய்தவன் மட்டுமல்ல, முடிவு செய்த செயலே இல்லை. மழை வந்த மாதிரி அதுவாகவே ஆகியிருந்தது. பக்கத்து பெஞ்சுக்காரன் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தான். “உன்னாண்ட பேசுனா எங்க நைனாவுக்கு அபராதம்டா. மூஞ்ச அந்தாண்ட திருப்பு.”

இப்போது மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு வடக்கத்திப் பையன் பெட்டியோடு நின்றான். என்னப்பா என்றேன். ‘நிகால் தியா கயா’ என்றான். வெளியே அனுப்பப்பட்டானாம். யார் அனுப்பியது என்றேன். கையை விரித்தான். அவன் மொழியிலும் அந்த வசதி இருக்கிறது.

அன்று குப்பத்தில் கையிருப்பு தீர்ந்ததும் அப்பா கடலுக்குப் போகத் துணிந்தார். மணலில் நிற்கும் படகைத் தண்ணீர் வரை தள்ள ஏழெட்டு ஆளாவது வேண்டும். அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் தோள் கொடுத்தோம். படகு அசையவில்லை. கரையில் ஆட்கள் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் தலை தூக்கவில்லை.

அப்போது அதே குப்பத்தில் இருந்த அம்மாவின் தம்பி, என் மாமா, அந்தப் பக்கமாக வந்தார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். “மாமா, ஒரு கை புடி மாமா!” என்று கத்தினேன். அவர் கை படகு வரைக்கும் வந்தது. பிறகு லுங்கி மடிப்புக்குள் போய்விட்டது.

“கூடாதுன்னு சொல்லிக் கீதுடா.”

“யார் மாமா சொன்னது?”

அவர் கடலைப் பார்த்தார்.

“அவன உடு. நீ தள்ளு” என்றாள் அம்மா.

மாமாவை யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த ஆளைக் கண்டுபிடித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று ரொம்ப நாள் நம்பினேன். வீட்டுக்கு ஒரு ஆம்பளை என்றால் அம்மா பிறந்த வீட்டிலிருந்தும் ஒருவர் போய் உட்கார்ந்து தலையாட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்கு அது அன்றைக்கே தெரியும். அதனால்தான் யார் என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை.