ஆவுடையம்மாள் தேடும் முட்டை ஓடு

வாளியைக் கைவண்டியில் கவிழ்ப்பதற்கு முன் ஆவுடையம்மாள் அதற்குள் ஒரு பார்வை பார்ப்பாள். மேலே கிடக்கும் காகிதத்தை விளக்குமாற்றுக் காம்பால் ஒதுக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று கவனிப்பாள். பிறகுதான் கவிழ்ப்பது. கொச்சி மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளுக்குப் பின்னாலுள்ள சந்தில் நாற்பது வீடுகள். பல வருஷமாக மாநகராட்சி அவளுக்குக் கொடுத்திருக்கும் ராஜ்யம் அது.

புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. அதன் கழுத்துப் பொத்தானை மட்டும் போட மாட்டாள். சுகாதார ஆய்வாளரே நேரில் வந்து சொன்னாலும், "சாரே, எனக்கு மூச்சு முட்டும்" என்று நகர்ந்துவிடுவாள்.

எந்த வீட்டில் விருந்து, எந்த வீட்டில் பத்தியம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வெளியே சொல்ல மாட்டாள். ஆனால் கைக்குழந்தை உள்ள வீடு என்றால் சும்மா இருக்க முடியாது. சாளை மீன் முள், முட்டை ஓடு, கீரைத் தண்டு, பழத்தோல் என்று ஏதாவது ஒன்று வாளியில் கிடக்க வேண்டும். வெறும் பிஸ்கட் உறையும் தேயிலைச் சக்கையும்தான் என்றால் கதவைத் தட்டிவிடுவாள். பழத்தோலை மட்டும் ஆடுகள் முந்திக்கொண்டு தின்றுவிடும். அந்தச் சந்தில் அவளுக்கு எதிரிகள் என்றால் அந்த ஆடுகள்தான்.

"குப்பை எடுக்க வந்தா குப்பையை எடு" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்கள் உண்டு. அவளுக்கு ரோஷம் வராது. "என் மூத்தவனைச் சாயாவும் ரஸ்க்கும் கொடுத்தே வளத்தேன். மூணு வயசு வரை நடக்கலை. அன்னு யாராவது வந்து என்னை ஏசியிருந்தா எத்தர நல்லா இருந்திருக்கும்!" என்பாள். சந்தில் ஓடித் திரியும் பிள்ளைகளைப் பார்த்தால் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வரட்டுமே.

2004 மழைக்காலத்தில் கோடி வீட்டுக்கு ஸ்வர்ணலதா குடிவந்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். புருஷன் தங்கதுரைக்கு ஓட்டலில் பரோட்டா அடிக்கும் வேலை. இரண்டு வயது மகள் மகா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். முடி செம்பட்டை; வயிறு மட்டும் உப்பியிருந்தது. ஆவுடையம்மாள் ஒரு வாரம் வாளியைப் பார்த்தாள். தினமும் பிஸ்கட் உறைதான்.

"மோளே, கொச்சுப் புள்ளைக்கு முட்டை கொடுக்கலையா?"

"முட்டை மாந்தம் பண்ணும்க்கா. சாயாவுல பிஸ்கட்ட நனைச்சுக் குடுக்கேன். வயிறு நெறஞ்சு தூங்கிருதா."

"வயிறு நெறையும். காலுக்குப் பலம் வேண்டே? தெனம் ஒண்ணு அவிச்சுக் கொடு. நாளைக்கு ஓட்டை நான் பார்க்கணும், கேட்டோ."

மறுநாள் வாளியில் ஓடு இருந்தது. ஒன்றல்ல, நாலு. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆவுடையம்மாள் மறுபடி கதவைத் தட்டினாள்.

"இது ஓட்டல் ஓடுல்லே? நடுவுல ரெண்டாப் பொளந்திருக்கு. ஆம்லெட்டுக்கு ஒடைச்சது. அவிச்சதை உரிச்சா பொடிப்பொடியா வரும், உள்தோலு ஒட்டியிருக்கும். பத்தொம்பது வருஷமா குப்பை அள்ளுறவகிட்டயா மோளே?"

ஸ்வர்ணலதா அழுதுவிட்டாள். "அவருகிட்டச் சொல்லி நாந்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா, இந்த ஊருல எனக்கு யாருக்கா இருக்கா?"

ஆவுடையம்மாளின் கோபம் அந்த நிமிஷமே இறங்கிவிட்டது. "நாளைக்கு நான் வந்தப்புறம் கொடு. நான் இருக்கேன்" என்றாள். மூன்று நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கை கழுவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். மகா முதல் நாள் துப்பினாள், இரண்டாம் நாள் பாதி தின்றாள், மூன்றாம் நாள் இன்னொன்று கேட்டாள். மாந்தம் வரவில்லை. அதற்குப் பிறகு வாளியில் பொடிப்பொடியான ஓடு விழுந்தது; கூடவே சாளை முள்ளும்.

தை மாதம் ஒரு காலையில் கோடி வீட்டு வாசலில் வாளி இல்லை. கூப்பிடலாம் என்று ஆவுடையம்மாள் வாயெடுத்தபோது கதவு திறந்தது. வாளியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு மகா வந்தாள். சுவர் ஒரு பக்கம் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. எட்டு அடி, வண்டி வரைக்கும்.

ஆவுடையம்மாள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். பிறகு இரண்டு கையையும் நீட்டி வாளியை வாங்கினாள்.