குளம் வற்றியதற்கு விளக்கம் சொல்லப் போனேன்

1936-ஆம் வருஷம், ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எழும்பூரில் ரயில் ஏறினேன். கையில் ஒரு தோல்பை, ஒரு கூஜா, சட்டைப் பையில் ஒரு தந்தி. ஆங்கிலத்தில் வந்திருந்த அந்தத் தந்தியைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "கவிதையால் கல்யாணம் நின்றது. உடனே வா. தாணு."

தாணு நாகர்கோவிலில் பள்ளிக்கூட வாத்தியார். யாப்பு இல்லாமல் கவிதை எழுதுகிறவன். நான் சென்னையில் ஒரு மாதப் பத்திரிகையின் துணையாசிரியன், அவன் கவிதைகளை அச்சுப் போடுகிறவன். தமிழ்க் கவிதையை விடுதலை செய்ய நாங்கள் இருவரும் புறப்பட்டிருந்தோம். இதுவரை விடுதலை பெற்றவர்கள் எங்கள் சந்தாதாரர்கள்தான். சித்திரை இதழில் வந்த அவனுடைய கவிதைக்கு, "நவீன கவிதையில் நீர் என்னும் குறியீடு" என்று நானே ஒரு நீண்ட முன்னுரை எழுதியிருந்தேன். ஆகவே கல்யாணம் நின்றதில் எனக்கும் பங்கு உண்டு என்று பட்டது. தோல்பையில் சட்டை இரண்டும் சித்திரை இதழ் ஒரு கட்டும் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பகலில் திருநெல்வேலியில் இறங்கி மோட்டார் பஸ் பிடித்தேன். நாகர்கோவில் அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது மைல். டிரைவருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. கிடைத்ததற்குக் காரணம் அந்த இடத்துக்குக் கதவு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வள்ளியூர் தாண்டியதும் காற்று ஆளைத் தூக்கியது. ஒரு கையால் குடுமியையும் மறு கையால் கூஜாவையும் பிடித்துக்கொண்டேன். உயிரைப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை.

"காத்து இருக்கே, மழை இல்லையா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"எடவப்பாதி மழை இந்த வருசம் ஏமாத்திப் போட்டுல்லா! வைகாசியில பெய்யவேண்டியது. மேகம் வருகு, மலையைப் பாத்துக் கும்பிட்டுட்டுப் போகு."

ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் எல்லை. சுங்கச் சாவடியில் பஸ் நின்றது. சிப்பந்தி என் பையைத் திறந்து, இதழ்க் கட்டைக் கண்டு, "இது என்னது?" என்றார்.

"கவிதை" என்றேன்.

அவர் ஒன்றைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்குத் தீர்வை இல்லை. ஆரும் கடத்திக்கிட்டு வாறதில்லை" என்று பையை மூடினார். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாலை ஐந்தரைக்கு நாகர்கோவில். தாணு பஸ் நிற்கும் இடத்துக்கே வந்திருந்தான். மூன்று நாள் முகச்சவரம் செய்யாத முகம். நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னான். நாகர்கோவிலிலிருந்து ஆறு மைலில் இலந்தைக்குளம் என்ற ஊர். குளத்தின் பெயர்தான் ஊருக்கும். அங்கே அணஞ்சபெருமாள் பிள்ளையின் மகள் பகவதியை அவனுக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். கவிதை வெளிவந்தது சித்திரையில். ஆனியில் குளம் வற்றிவிட்டது. நாற்று காய்ந்தது. யாரோ ஒருவர் இதழை ஊரில் உரக்கப் படித்துக் காட்ட, மாப்பிள்ளை ஊரைச் சபித்து அறம் பாடிவிட்டார் என்று பேச்சுக் கிளம்பியது. புலவன் ஊர்ப்பெயரைச் சொல்லிப் பாடினால் பாட்டு பலிக்கும் என்று நம்புகிற ஊர் அது.

"என்னத்துக்குடா குளத்தின் பெயரைப் போட்டாய்?" என்றேன்.

"குறிப்பான இடம் இருந்தால்தான் குறியீடு நிற்கும்ணு நீதானே எழுதியிருந்தாய்?"

நான் பேச்சை மாற்றினேன். படிக்காதவர்களுக்காக அந்தக் கவிதையை இங்கே தருகிறேன்:

இலந்தைக்குளமே,
உன் வயிற்றில் வெயில் படுத்திருக்கிறது.
தாமரைக்கொடி கயிறாகக் கிடக்கிறது.
தண்ணீர் என்ற சொல் மட்டும்
கரையில் நிற்கிறது
ஒரு குடத்தோடு.

வியாழக்கிழமை காலை வில்வண்டியில் புறப்பட்டோம். இருபுறமும் வயல்கள். பச்சையாக இருக்கவேண்டிய மாதத்தில் வைக்கோல் நிறத்தில் இருந்தன. மலை மட்டும் ஈரமாகத் தெரிந்தது. ஒன்பது மணிக்குப் பெண் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தோம். ஊர்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். நடுவில் அணஞ்சபெருமாள் பிள்ளை. அவர் பக்கத்தில், கவிதையைப் பரிசோதிக்க வரவழைக்கப்பட்ட ஒரு வித்வான், விபூதியும் மூக்குக் கண்ணாடியுமாக. கையில் எங்கள் இதழ். அவர் எங்கள் சந்தாதாரர் இல்லை என்பதை முகம் சொன்னது.

எனக்குப் பேச இடம் கொடுத்தார்கள். நான் எழுந்து, தொண்டையைச் செருமி, சென்னையில் பேசுவதுபோலவே பேசினேன். "இந்தக் கவிதையில் குளம் என்பது குளமல்ல, மனித ஆத்மா. தண்ணீர் என்பது தண்ணீரல்ல, வாழ்வின் அர்த்தம். அர்த்தம் வற்றிப்போன யுகத்தில் ஆத்மா தாகத்தோடு..."

அணஞ்சபெருமாள் பிள்ளை மரியாதையாகக் கை உயர்த்தினார். "நீங்க சொல்லுகது எனக்கு வெளங்குகு. ஆத்மா வத்திப் போச்சுன்னா ஆத்மான்னே எழுதியிருக்கப்பிடாதா? எனக்க மூணு கோட்டை விதைப்பாட்டு வயலுக்குப் பாயுக குளம் எதுக்கு அதுக்குள்ள வந்துது?"

பின்னாலிருந்து ஒருவர், "அந்த ஆத்மாவுக்குக் கடைமடை எங்க ஓய் இருக்கு?" என்றார். கூடம் சிரித்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

இனி வித்வான் முறை. பாட்டின் முதலெழுத்து நஞ்செழுத்தா, முதற்சொல் மங்கலச் சொல்லா என்று பார்ப்பதாகச் சொல்லி, விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். சீர் எண்ணினார். தளை பார்த்தார். எதுகை தேடினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நெற்றி வேர்த்தது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளைவாள், பயப்படவேண்டாம். இது பாட்டே இல்லை! சீர் இல்லை, தளை இல்லை, ஒரு எழவும் இல்லை. பாட்டாயிருந்தால்தானே பலிக்கும்? சந்தைக்குப் போறவன் பேசிக்கிட்டுப் போற பேச்சு இது. மாப்பிள்ளை வாயால, 'நான் எழுதினது கவிதை இல்லை'ன்னு சபையில ஒரு வார்த்தை சொல்லட்டும். தோஷம் தீர்ந்துது."

ஊர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது. எனக்கோ ரத்தம் கொதித்தது. எங்கள் இயக்கத்தின் எதிர்காலம் இந்தக் கூடத்தில் ஊசலாடுகிறது! தாணுவைப் பார்த்துக் கண்ணால் மிரட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. உள்கட்டுக் கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். எழுந்து, "அது கவிதை இல்லை" என்றான்.

"சுபம்!" என்றார் வித்வான். யாரோ வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்தார்கள்.

"அப்பா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

குரல் உள்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது. பகவதி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த பெண் என்று தாணு சொல்லியிருந்தான். வெற்றிலைத் தட்டு பாதி வழியில் நின்றது.

"என்ன மக்கா சொல்லுக?" என்றார் பிள்ளை.

"கரையில குடத்தோட நிக்கது ஆருன்னு எனக்குத் தெரியும். சித்திரையிலயே தண்ணி இறங்க ஆரம்பிச்சாச்சு. பெறகு வெறுங்குடத்தோட எத்தனை நாளு நான் திரும்பி வந்தேன். அது என்ன மாதிரி இருக்கும்ன்னு ஒருத்தரு எழுதியிருக்காருன்னு நெனச்சேன். அது கவிதை இல்லைன்னா, அவரு அதை மனசறிஞ்சு எழுதல்லை. எனக்கு அவரு வேண்டாம்."

வித்வான் வாய் திறந்தார். பிள்ளை அவரைக் கையமர்த்தினார். தாணு உள்கட்டுக் கதவை நோக்கித் திரும்பினான். பிறகு, நேற்றிலிருந்து நான் கேட்காத குரலில், "அது கவிதைதான். மனசறிஞ்சுதான் எழுதினேன். இப்போ சொன்னதுதான் பொய்" என்றான். எழுந்து அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. கல்யாணம் போனால் என்ன, கவிதை பிழைத்தது என்று ஒரு கணம் நினைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அணஞ்சபெருமாள் பிள்ளை தாணுவை அருகே அழைத்தார். "சரி. கவிதைன்னா பலிச்சாச்சு. வத்த எழுதினவரு நிறையவும் எழுதலாம்லா? குளத்தங்கரைக்குப் போயி, குளம் நிறைஞ்சு கெடக்குன்னு நாலு வரி எழுதிக்கிட்டு வாரும். யாப்பு உம்ம இஷ்டம். எழுதினா ஆவணியில கல்யாணம். இல்லைன்னா நீரு உம்ம ஊருக்கு, நான் எனக்க பாட்டுக்கு."

பத்தரை மணிக்கு நானும் தாணுவும் குளத்தங்கரையில் நின்றோம். நான் பார்த்த குளங்களில் இவ்வளவு பெரிய பள்ளம் வேறில்லை. சேறு வெடித்துப் பாளமாகக் கிடந்தது. நடுவில் ஆடுகள் மேய்ந்தன. கவிதையில் இருந்த தாமரைக்கொடிகூட இப்போது இல்லை, அடுப்புக்குப் போயிருந்தது. எதிர்க்கரையில் ஒரு பெண் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் தண்ணீர் கோரிக்கொண்டிருந்தாள். குடம் நிறையக் காணோம்.

"எழுதுடா" என்றேன். "நாலே வரி. அலை மோதுகிறது, மீன் துள்ளுகிறது, முடிந்தது. கல்யாணம் ஆன பிறகு நம் பத்திரிகையிலேயே மறுப்புப் போட்டுவிடலாம்."

அவன் பென்சிலை எடுத்தான். எதிர்க்கரைப் பெண் குடத்தை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றான். பிறகு பென்சிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான். நான் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு ஓடினேன்.

கூடத்தில் எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தாணு பிள்ளைக்கு நேராகப் போய் நின்றான். "குளத்துல தண்ணி இல்லை மாமா. இருக்குன்னு எழுத எனக்கு வரல்லை. மன்னிக்கணும்."

கும்பிட்டுவிட்டு வாசல் பக்கம் நடந்தான். நான் தோல்பையைத் தேடினேன்.

"நில்லும் ஓய்" என்றார் அணஞ்சபெருமாள் பிள்ளை. "வைகாசியில ஒரு ஓவர்சியர் வந்து, அணையில வெள்ளம் தொறந்து விட்டாச்சு, நாளைக்கு வரும்ன்னான். சோசியன் வந்து வெள்ளிக்கிழமை மழைன்னான். இந்த வித்வான் மழைக்குன்னு பத்துப் பாட்டுப் பாடி வேட்டி வாங்கிக்கிட்டுப் போனாரு. இங்க வந்தவன் எல்லாவனும் வரும் வரும்ன்னான். இல்லாததை இல்லைன்னு எனக்க முகத்தைப் பாத்துச் சொன்னவன் நீரு ஒருத்தன்தான். எனக்க மவளுக்கு அது போதும்."

வித்வான், "அப்போ தோஷம்?" என்றார்.

"அதை ஓவர்சியர்கிட்ட கேளும்" என்றார் பிள்ளை. உள்கட்டை அவர் திரும்பிப் பார்க்க, "எனக்குச் சம்மதம்" என்றாள் பகவதி. வெற்றிலைத் தட்டு மறுபடி நடக்கத் தொடங்கியது.

மத்தியானம் அங்கேயே சாப்பாடு. சமையலுக்குத் தண்ணீர் பக்கத்து ஊரிலிருந்து வண்டியில் வந்தது. கை கழுவ ஆளுக்கு ஒரு செம்பு. பந்தியில் வித்வான் என் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த இதழுக்குத் தம்மிடம் ஒரு மழைப் பதிகம் இருப்பதாகச் சொன்னார். கல்யாணம் ஆவணியில், தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, மறுநாள் காலை சென்னை வந்து சேர்ந்தேன். மழை பெய்ததா என்று கேட்பவர்களுக்கு: நான் அந்த ஊரை விடும்வரை ஒரு துளி இல்லை. வீட்டில் பையை வைத்துவிட்டு முற்றத்துக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. அதன் குறியீட்டுப் பொருளைப் பற்றி மணிக்கணக்கில் பேசியவன் நான். உள்ளங்கை நிறைய ஏந்தினேன், முகத்தில் அடிக்க மனம் வரவில்லை. குடித்தேன்.