இரண்டாவது பிளாட்பாரத்துக்கு

மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து அப்பாவுக்கு இரண்டு காலும் முறிந்தன. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. சென்னையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ரயிலை விட்டால் நாள் போய்விடும். அவர் மறுபடி நடப்பதும் போய்விடும்.

மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊரிலிருந்து பஸ் ரோட்டுக்கு நோயாளியைத் தூளியில்தான் கொண்டுவருவோம். போர்வையின் இரு முனையையும் மூங்கிலில் கட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். கீழே டவுன் ரயில் நிலையத்திலும் சித்தப்பாவும் நானும் அப்பாவை அப்படியே தூக்கிப் போனோம். பிணம் என்று நினைத்து ஒரு பெரியவர் எழுந்து செருப்பைக் கழற்றினார். அப்பா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "இன்னும் உசுரோடதானுங்க இருக்கேன், உக்காருங்க" என்றார்.

எங்கள் வண்டி இரண்டாவது பிளாட்பாரத்தில். பாலத்துக்கு ஏறும் லிஃப்டுக்குள் பார்சல் ஆட்கள் இரண்டு பேர் துணி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று கதவில் எழுதியிருந்ததை உரக்கப் படித்துக் காட்டினேன்.

"கொரங்கு மாதிரி மலை ஏறுறீங்கல்ல, படி ஏற வலிக்குதா?" என்றான் ஒருவன்.

தூளியை இறக்கிவிட்டு ஒரு மூட்டையை வெளியே இழுத்தேன். அவன் அறைந்தான். உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. சித்தப்பா மூங்கிலை உருவி அவன் தோளில் ஓங்கி அடித்தார். மற்றவன் மூட்டை தூக்கும் கொக்கியால் சித்தப்பாவின் முதுகைக் கிழித்தான். மறுபடி அவன் கையை ஓங்கியபோது, தரையில் கிடந்த அப்பா அவன் கணுக்காலைப் பிடித்துத் திருகினார். மரமேறிய கை. ஏதோ முறியும் சத்தம் கேட்டது. அவன் அலறினான்.

"நா புடிச்சுக்கறேன் கண்ணு. நீ மூட்டையெல்லாம் எடுத்து வெளிய போடு" என்றார் அப்பா, காட்டில் வேலை சொல்வது போல.

போட்டேன். மேலே போனோம். பாலத்தின் மறுகோடியில் இறங்குவதற்கு லிஃப்ட் இல்லை, படி மட்டும்தான். போலீஸ் விசில் பின்னாலேயே வந்தது. சித்தப்பா மூங்கிலைக் குறுக்கே பிடித்துப் பாலத்தை மறித்தார். நான் அப்பாவை முதுகில் சுமந்து இறங்கினேன். பெட்டியின் வாசலை அடைத்து நின்றவனை முழங்கையால் விலாவில் இடித்துவிட்டு ஏறினேன்.

வண்டி நகர்ந்தது. மேலே பாலத்தில் லத்திகள் ஏறி இறங்கின. சித்தப்பா குனியவில்லை. அப்பா கண்ணில் படாதபடி ஜன்னலை மறைத்து உட்கார்ந்தேன்.

"அங்கயும் படி இருக்குமா கண்ணு?" என்று கேட்டார்.

"இருந்தா இருக்கட்டுங்கப்பா" என்றேன்.