ஒப்பனைக்கு ஒரு பாராட்டு

அந்தக் கேடயம் என் கண்ணில் படவே கூடாது. பழைய செய்தித்தாளில் சுற்றிப் பரண்மேல் தூக்கிப் போட்டிருக்கிறேன். முதல் படம் எடுத்தவர்களில் சிறந்த இயக்குநர் என்று அதில் பொறித்திருக்கிறது. சிறந்த கோழை என்று பொறித்திருக்கலாம்.

படத்தில் நடித்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. உடையார்பாளையம் பக்கம் முப்பது வருடமாக முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். வறுத்த கொட்டையைத் தட்டும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். எவ்வளவு சாம்பல் பூசிக்கொண்டாலும் விரல்கள் கறுத்து வெடித்துத்தான் கிடக்கும். கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போகமாட்டாள். இலையில் உட்கார்ந்தவர்கள் சோற்றைப் பார்க்காமல் அவள் கையைப் பார்ப்பார்களாம். பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் நிற்பாள்.

நடிக்கக் கூப்பிட்டபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மூஞ்சிய எப்படி வேணா எடுத்துக்க தம்பி. கைய மட்டும் காட்டிராத."

"கையத்தான் சித்தி காட்டப்போறேன். உழைச்ச கைன்னு பாக்குறவன்லாம் கும்புடுவான், பாரு" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. அவளும் நம்பினாள். படம் முழுக்க அந்தக் கைகள்தான்.

திரைப்பட விழா தூரத்தில் ஒரு பெரிய நகரத்தில். வேலையை விட்டுவிட்டு சித்தியால் வரமுடியவில்லை. படம் முடிந்து கேள்வி நேரத்தில், நடுவர்களில் ஒருவர் எழுந்தார். கழுத்தில் மணிமாலை, கையில் காபி. "அந்தக் கைகளோட மேக்கப் பிரமாதம். நிஜம் மாதிரியே இருந்தது. யார் போட்டது?" என்றார். அரங்கமே கைதட்டியது.

மேக்கப் இல்லை சார், எங்கள் சித்தியின் கை அது. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் முடிவை அன்று மாலைதான் அறிவிப்பார்கள். நாலு பேர் முன்னால் நடுவரை மட்டம் தட்டினால் பரிசு போய்விடுமோ என்று பயந்தேன். "எங்க டீம்தான் சார்" என்று பல்லை இளித்தேன். சீ, இதை எழுதும்போதும் வாய் கசக்கிறது.

பரிசு வந்தது. கூடவே வந்த பாராட்டுரையில் கைகளின் ஒப்பனைக்கென்று தனியாக ஒரு வரி. அதையும் நான் திருத்தச் சொல்லவில்லை.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எனக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். படத்தை ஒருத்தனும் பார்த்திருக்கவில்லை. ஃபிளெக்ஸில் என் முகத்தைவிட விழாத் தலைவரின் முகம் மூன்று மடங்கு பெரிது. முதல் வரிசையில் சித்தி, தன்னிடம் இருந்த ஒரே பட்டுப்புடவையில், கைகளை மடியில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் கையை மறைக்காமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பக்கத்து மேடைகளில் யார் பெயர் வந்தாலும் அவருக்குப் பொன்னாடை போர்த்தாமல் விடமாட்டார்கள். தலைவர், பரிசோடு வந்த பாராட்டுரையைத் தமிழில் கடைசிவரை வாசித்தார். பிறகு, "பார்க்கவே அருவருப்பாக, தத்ரூபமாக, கைகளை மாற்றிக் காட்டிய ஒப்பனைக் கலைஞரை மேடைக்கு அழைக்கிறோம்" என்றார். உடையார்பாளையத்தில் பெண் எடுத்த மனுஷன் அவர். மாமியார் வீட்டுக்குப் போகும்போது வழியில் ஒரு கையைக்கூடப் பார்த்ததில்லையா?

யாரும் எழவில்லை. தலைவர் பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். சித்தி என்னையே பார்த்தாள். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அவர் வரல சார். நானே வாங்கிக்கிறேன்" என்று தோளைக் காட்டினேன். என்னைப்போல் அசிங்கம் பிடித்தவன் அந்த மண்டபத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தபோது சித்தியின் கைகள் முந்தானைக்குள் போயிருந்தன.

அரியலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பொன்னாடையை அவள் மடியில் வைத்தேன். "இது உனக்குத்தான் சித்தி."

அவள் அதைத் தூக்கியதுமே ஜரிகை நூல் விரல் வெடிப்பில் மாட்டிக்கொண்டது. கிழியாமல் மெதுவாக எடுத்துவிட்டு, மடித்து, திரும்ப என் மடியிலேயே வைத்தாள்.

"எனக்கு எதுக்கு தம்பி? மேக்கப்பு போட்ட ஆளு வந்தா குடுத்துரு."

கைகளை மறுபடி முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கண்டக்டர் டிக்கெட்டை அவளிடம்தான் நீட்டினார். அவள் முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. நான்தான் வாங்கினேன்.