அட்டையில் இருந்த அப்பா

அப்பா காணாமற்போன பிறகும் ஒன்றரை வருடம் எங்களோடுதான் இருந்தார். நிவாரண அட்டையில் இருந்தார். சங்கக்கடையில் அவருடைய பங்கு அரிசியையும் மாவையும் சீனியையும் ஒழுங்காக நிறுத்துத் தந்தார்கள். நாங்களும் ஒழுங்காகச் சாப்பிட்டோம்.

எங்கள் ஊர் முரசுமோட்டையில் ஷெல் விழத் தொடங்கியபோது கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். பாதி வழியில் அப்பாவுக்குக் கட்டையில் கட்டியபடி நின்ற மாடுகளின் நினைவு வந்தது. அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று சைக்கிளைத் திருப்பினார். அன்று பின்னேரமே பாதை மூடப்பட்டது. துணுக்காயில் ஒரு கொட்டிலில் நாங்கள் ஒதுங்கியிருந்தபோது, அட்டை பதிய வந்த கிராம அதிகாரி, விதானையார், குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து என்றார் அம்மா. அது பொய்யில்லை. நாளைக்கு வரப்போகிற மனிதரை எப்படி விட்டுவிட்டுச் சொல்வது?

அந்த ‘நாளை’ வரவேயில்லை. உண்மை மெல்ல மெல்லப் பொய்யாகிவிட்டது. ஆட்களைச் சரிபார்க்க யாராவது வந்தால், "அப்பா விறகுக்குப் போயிட்டார்" என்று சொல்ல அம்மா என்னைப் பழக்கியிருந்தார். எட்டு வயதில் எனக்கு வாய்ப்பாடு வராது, இது வரும். தம்பிமார் இருவருக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன். பசித்த வயிற்றுக்கு அரிச்சந்திரனைத் தெரியாது.

அந்தக் காலத்தில், பிரிந்துபோன குடும்பங்களைத் தேடிச் சேர்த்துவைக்கவென்று இடம்பெயர்ந்த சனமே கூடி ஒரு சங்கம் தொடங்கியிருந்தது. பெயர் பதிந்தவர் ஒரு பள்ளிக்கூட ரீச்சர். அவரும் எங்களைப் போல ஓடிவந்தவர்தான். கொட்டில் கொட்டிலாகச் சைக்கிளில் போய்ப் பெயர்களைக் கொப்பியில் எழுதி, இந்தியாவிலுள்ள அகதி முகாம்களுக்கு அனுப்புவார். மன்னாரில் அப்பாவைப் போல ஒருவர் படகேறியதைக் கண்டதாக யாரோ சொல்ல, அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ரீச்சரிடம் ஓடினார்.

ரீச்சர் எல்லாம் எழுதி முடித்துவிட்டு, "ஆள் உங்களோட இல்லை எண்டு விதானையார் ஒரு கடிதம் தரவேணும் அக்கா" என்றார்.

விதானையாரின் பதிவில் அப்பா எங்களோடல்லவா இருக்கிறார்!

"அப்ப அட்டையில அவற்ற பேரை வெட்டவேணும், என்ன?" என்று கேட்டார் அம்மா.

"ஓம் அக்கா. யோசிச்சுச் சொல்லுங்கோ. பிள்ளையளும் சின்னன்."

அம்மா ஒரு கிழமை யோசித்தார். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு அப்பாவின் அரிசி போய்விடுமே என்ற பயம்தான். அப்பா கிடைக்கவேண்டும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டதைவிட, பெயரை வெட்டக்கூடாது என்று கும்பிட்டதுதான் அதிகம். இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு விதானையாரிடம் போனார். நல்ல மனிதர், இதுவரை எடுத்த பங்குக்காக ஏசவில்லை. "எல்லாரும் செய்யிறதுதானே பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அடிமட்டத்தை வைத்து அப்பாவின் பெயருக்கு மேலே சிவப்புப் பேனையால் நேராக ஒரு கோடு இழுத்தார். அம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் கதிரையில் இருந்து இறங்கி, நிலத்தில் குந்தி, வாய்விட்டு அழத் தொடங்கினார். யாரோ செத்த செய்தி வந்துவிட்டது என்று வாசலில் நின்ற சனம் எட்டிப் பார்த்தது. எனக்கும் அழுகை வந்தது.

"அழாதேங்கோ அம்மா. நான் சீனி இல்லாமல் தேத்தண்ணி குடிக்கிறன்" என்றேன்.

கடிதம் அன்றைக்கே ரீச்சரின் கொப்பிக்குள் போனது. எந்த முகாமிலிருந்தும் அப்பாவைப் பற்றி ஒரு சொல் இன்றுவரை வரவில்லை.

கொட்டிலுக்குத் திரும்பியதும் அம்மா முகம் கழுவினார். உடைந்த கண்ணாடித் துண்டின் முன்னால் நின்று, என்றுமில்லாதபடி பெரிய குங்குமப் பொட்டு ஒன்று வைத்தார். அப்பாவின் பெயரை வெட்டிவிட்டு வந்து இவருக்கு என்ன சோடனை வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அன்று முழுக்க நான் அம்மாவோடு கதைக்கவில்லை.