ஒருமுறை குறைத்த நற்பெயர்

மெக்கானிக்குகள் ஆறு பேரும் அவளைக் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுதுபார்க்கும் சின்ன நிறுவனத்தை இருபது வருஷம் நடத்தியவர் அவள் புருஷன். பில் போட்டது, சம்பளம் கொடுத்தது, வரி கட்டியது எல்லாம் அவள். அவருக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன சமயம் பார்த்து ஒரு பெரிய கம்பெனி வந்து வாங்கித் தன் கிளையாக்கிக்கொண்டது. ஆறு பேரும் கூடவே போனார்கள். அதில் ஒருவன் அவளுடைய தம்பி. அவளுக்கும் கணக்குப் பிரிவில் ஒரு மேசை கிடைத்தது.

முதல் நாளே மேலாளர் விளக்கினார். "வேன், கருவி, கையில இருக்கிற ஒப்பந்தம் எல்லாம் சேர்த்தா முப்பது லட்சம் தேறும்மா. நாங்க கொடுத்தது எண்பது. ஒப்பந்தம் முடிஞ்சாலும் உங்க வீட்டுக்காரர் பேருக்காக ஜனங்க திரும்ப வருவாங்கன்னு நம்பித்தான் மிச்சம் ஐம்பது. அதுதான் குட்வில்."

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ஒரே சிரிப்பு. "மாமா பேருக்கே ஐம்பது லட்சம்னா, அந்த மூக்குக்கு எவ்வளவு போட்டிருப்பாங்க?" என்றான் தம்பி.

இரண்டாம் வருஷம் அந்தச் சிரிப்பு இல்லை. லிஃப்ட் நின்றால் கால் சென்டரில்தான் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது. ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று கேட்டே ஆட்களுக்கு வெறுத்துப்போனது. அவள் புருஷனைப் பயிற்சி கொடுக்க என்று ஒரு கண்ணாடி அறையில் உட்கார வைத்தார்கள். பழைய வாடிக்கையாளர் யாராவது வீட்டுக்கு ஃபோன் செய்தால், "அந்த நம்பருக்கே பேசுங்கய்யா" என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவார். கையில் இருந்த நாற்பது கட்டடம் பதினொன்றானது.

போட்ட குட்வில் இன்னும் அந்த விலை பெறுமா என்று வருஷத்துக்கு ஒருமுறை சோதித்தாக வேண்டும். அந்தத் தாள் அவள் மேசைக்கே வந்தது. இனி வரப்போகும் வருமானத்தை அவள்தான் கணித்து எழுத வேண்டும். பதினொரு கட்டடத்தை வைத்துப் போட்டால் ஐம்பது லட்சமும் பூஜ்யம். பூஜ்யமானால் கிளைக்குப் பூட்டு.

"போனவங்க திரும்ப வந்து மொத்தம் இருபத்தஞ்சு கட்டடம் ஆகும்னு எழுதலாம். ஆனா ஆடிட்டர் அவங்க எழுதிக்கொடுத்த காகிதம் கேப்பாரு" என்றார் மேலாளர்.

"நாலு நாள் கொடுங்க சார்."

வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். ஒரு குடியிருப்பின் செயலாளர் கதவைப் பாதிதான் திறந்தார். "எங்க வீட்டம்மா நாற்பது நிமிஷம் உள்ள மாட்டிக்கிட்டாங்க. ஒருத்தன் வரல. உங்க வீட்டுக்காரர் நேர்ல வரட்டும், பேசலாம்."

வீட்டில் அவர் அசைந்து கொடுக்கவில்லை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்? வித்தவன் நான்தானே."

"அந்த மூஞ்சியத்தாங்க அவங்க காசு கொடுத்து வாங்கினாங்க!" என்று கத்தினாள். கத்திய பிறகு சமையலறைக்குள் போய் அழுதாள். அவளுக்கு அப்போது தம்பியின் வீட்டு வாடகைதான் நினைவுக்கு வந்தது.

நாலாம் நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அந்தக் குடியிருப்பில் அன்றைக்கும் லிஃப்ட் ஓடவில்லை. ஐந்து மாடி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறினார். செயலாளரின் முகம் இளகியது. "கூட்டம் போட்டுச் சொல்றோம்" என்றார். போன இடமெல்லாம் அதே பதில்தான். ஒரு காகிதம்கூடக் கைக்கு வரவில்லை.

தாளில் இருபத்தைந்து என்று எழுதினாள். கையில் ஒரு காகிதமும் இல்லாமல் அப்படி விட மனசு வராமல் அழித்தாள். பதினொன்று என்று போட்டாள்.

அடுத்த மாதமே கிளையை மூடும் உத்தரவு வந்தது. அது வந்த நாலாம் நாள் கடிதங்களும் வந்தன, பன்னிரண்டு குடியிருப்புகளிலிருந்து. அவள் புருஷன் பொறுப்பில் இருந்தால் திரும்பச் சேர்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மேலாளரிடம் ஓடினாள்.

அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். "குட்வில்ல ஒரு தடவை குறைச்சா குறைச்சதுதாம்மா. திரும்ப ஏத்த விதியில்ல."

"கணக்கு கிடக்கட்டும் சார். கிளையையாவது..."

"மேல கையெழுத்தாயிடுச்சு. இந்தக் கட்டடங்களை வேற கிளை பாத்துக்கும்."

வேறு கிளை என்றதும் பன்னிரண்டு பேரும் விலகிக்கொண்டார்கள். விற்ற ஒப்பந்தப்படி அவள் புருஷன் இன்னும் மூன்று வருஷம் சொந்தமாகத் தொழில் செய்யக் கூடாது. தம்பி வேறு ஊருக்கு வேலை தேடிப் போய்விட்டான். அக்காவிடம் பேச்சு இல்லை. இருபத்தைந்து என்றே எழுதியிருந்தால் கடிதம் வரும்வரை தாக்குப்பிடித்திருக்கலாம் என்பது அவன் வாதம். சில நாட்களில் அவளுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.