கிணற்றின் அடுக்கும் அம்மாவின் பெட்டியும்

கொக்குவில் வீட்டில் இன்று குழாய்க்கிணறு அடிக்கிறார்கள். நனைந்த சுண்ணாம்புக்கல்லின் வாசம் அறைக்குள் மெல்லப் பரவுகிறது.

பழைய கிணற்றை ஆழமாக்கிய நாளிலும் இதே வாசம்தான். பால்நிறத் தண்ணீர் சொட்டச் சொட்ட, சிப்பி பதிந்த கல்லொன்றை என் அண்ணை அம்மாவிடம் நீட்டினார்.

“இஞ்சை பாருங்கோ அம்மா, இது கடலாய்க் கிடந்த இடம். அடியிலை கிடக்கிற அடுக்குத்தான் பழசு. மேலை வர வரப் புதுசு.”

“ஓமடா, என்ரை றங்குப்பெட்டியும் உப்பிடித்தான்,” என்று அம்மா சிரித்தார்.

அடுத்த வருடம், டியூசனுக்குப் போன அண்ணை திரும்பி வரவேயில்லை.

அம்மா இறந்து ஒரு மாதத்தின்பின், இன்றுதான் அந்தத் தகரப் பெட்டியைத் திறக்கிறேன். அடியில் அவரது கூறைச்சேலை. அதன்மேல் எங்கள் குழந்தைச் சட்டைகள், பிறகு பேரப்பிள்ளைகளின் படங்கள். நடுவில் கிடக்கவேண்டிய அண்ணையின் பள்ளிக்கூடச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது.